ரியாலிட்டி ஷோ சலிச்சுப் போச்சா? எங்கண்ணன் வசூல் நோட்டுல இருந்து பேசறேன்

கேள்வி, 8 அக்டோபர் 2024

பிக் பாஸ் எட்டாவது சீசன் ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சாச்சு. கமல் போய் விஜய் சேதுபதி வந்தாச்சு. ஆனா எந்த ஷோவ எத்தன பேர் பாத்தாங்கன்னு வியாழக்கிழமை வர்ற டிஆர்பி லிஸ்ட்டுல மேல நிக்கிறது என்னமோ கயல், சிங்கப்பெண்ணே மாதிரி சீரியல் தான். சூப்பர் சிங்கர், குக்கு வித் கோமாளி, சரிகமப எதுக்குமே பழைய பேச்சு இல்ல. ஜனங்களுக்கு ரியாலிட்டி ஷோ சலிச்சுப் போச்சா, இல்ல டிவியே சலிச்சுப் போச்சா?

8 அக்டோபர் 2024, ராத்திரி 10.50

அதுல வர்ற முகம் தான் சலிச்சுப் போச்சு. 2017 ஜூன்ல முத சீசன் வந்தப்ப எங்க தெருவே ஓவியாவப் பத்தித் தான் பேசுச்சு, அந்தப் பொண்ணு வீட்ட விட்டு வெளிய போன அன்னிக்கு எங்கம்மா சரியாவே சாப்பிடல, சொந்தக்காரப் பொண்ண கட்டிக் குடுத்த எடத்துல கொடுமப்படுத்துனா எப்படி பொங்குவாங்களோ அப்படிப் பொங்குனாங்க. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல கோஷம் போட்ட பொண்ணு, சினிமாவுக்குப் பாட்டெழுதுறவரு, காமெடி நடிகரு, இவங்க எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ எப்படி இருப்பாங்கன்னு பாக்குற நமக்கும் தெரியாது, உள்ள இருந்தவங்களுக்கும் தெரியாது. இப்ப உள்ள போறவங்க ஏழு சீசனையும் கரைச்சுக் குடிச்சிட்டுப் போறாங்க. எந்த கேமரா முன்ன நின்னு அழணும், சனிக்கிழமை யார் பேர சொன்னா கைதட்டு விழும், எல்லாம் மனப்பாடம்.

பாதிப் பேர ஏற்கெனவே அதே சேனல்ல சீரியல்லயோ சமையல் ஷோவுலயோ பாத்தாச்சு. புதுசா தெரிஞ்சுக்க என்ன இருக்கு?

9 அக்டோபர் 2024, காலை 7.15

ஏழு சீசன்னு சொன்னது டிவில வந்த கணக்கு. 2022 ஜனவரில ஹாட்ஸ்டார்ல மட்டும் ஓடுச்சே பிக் பாஸ் அல்டிமேட், பாதில கமல் வெலகி சிம்பு வந்தாரே, அத சேக்கல.

"இந்த சீசன்ல வீட்ட ரெண்டா பிரிச்சு கோடு போட்டு ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம்னு வச்சிருக்காங்களே, அது புதுசு தானே"ன்னு ஒரு தம்பி கேக்குறார். கோடு புதுசு தான் தம்பி. ஆளு புதுசா இருந்தா கோடே தேவப்பட்டிருக்காது.

10 அக்டோபர் 2024, ராத்திரி 9.30

"எனக்குத் தெரிஞ்ச யார் வீட்டுலயும் டிஆர்பி மீட்டர் இல்ல, அப்ப எல்லாம் பொய் தானே"ன்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கீங்க. நானும் பாத்ததில்ல. எந்த வீட்டுல இருக்குன்னு வெளிய தெரியக் கூடாதுங்கறது தான் அதோட அடிப்படையே. 2015ல இருந்து பார்க் இந்தியா தான் இந்தக் கணக்க எடுக்குது, அதுக்கு முன்ன டாம்னு ஒரு கம்பெனி எடுத்துச்சு. சேனல்காரங்க சவுண்டுக்குள்ள நம்ம காதுக்குக் கேக்காத மாதிரி ஒரு முத்திரைய வச்சு அனுப்புவாங்க, டிவிகிட்ட இருக்குற பெட்டி அதப் புடிச்சு இன்ன சேனல் ஓடுதுன்னு குறிச்சுக்கும். வீட்டுல ஆளுக்கு ஒரு பட்டன், உக்காந்தா அமுக்கணும், எந்திரிச்சா திரும்ப அமுக்கணும். நாடு முழுக்க சுமார் 55,000 வீட்டுல இந்தப் பெட்டி இருக்கு. டிவி இருக்குற வீடு 2020 மதிப்பீட்டுப்படி 21 கோடி. வகுத்துப் பாத்தா ஒரு பெட்டி கிட்டத்தட்ட 3,800 வீட்டுக்காகப் பேசுது.

நாங்க புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். ஒரு பெட்டி பேசுற கணக்குக்கு எங்க ஊரு, பக்கத்து ஊரு, அதுக்குப் பக்கத்து ஊரு எல்லாம் சேந்தாகணும். அப்படி ஒரு வீட்டுல ஒரு பாட்டி எந்திரிச்சுப் போறப்ப பட்டன அமுக்க மறந்துட்டா மூணு ஊரு பாத்ததா ஆயிடும். இத எப்படி நம்புறது?

13 அக்டோபர் 2024, மத்தியானம்

மேல நான் எழுதுனது அவசரப்பட்டு எழுதுனது. புள்ளியியல் படிச்ச ஒரு அக்கா விளக்கமா எழுதியிருக்காங்க, ஒரு தடவைக்கு ரெண்டு தடவ படிச்சேன், அவங்க சொல்றது தான் சரி. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நாமளே தான சொல்றோம். எண்ணிக்கை கம்மியா இருக்கறதால மட்டும் கணக்கு தப்பாயிடாது, ஒரு பாட்டி மறந்தா இன்னொரு வீட்டுல இன்னொருத்தர் சீக்கிரமா அமுக்கியிருப்பாங்க.

ஆனா அந்தப் பழமொழிக்கே ஒரு நிபந்தனை இருக்குல்ல, சோறெல்லாம் ஒரே பானைல வேகணும். இப்ப பாதிச் சோறு வேற அடுப்புக்குப் போயிருச்சே. எங்க வீட்டுலயே அம்மா மட்டும் தான் டிவி, நான் ராத்திரி படுத்துக்கிட்டு ஃபோன்ல பாக்குறேன், அண்ணன் மக யூடியூப்ல அந்த மூணு நிமிச துண்ட மட்டும் பாக்குறா. மூணு பேரும் பாக்குறது ஒரே ஷோ தான். பெட்டிக்குத் தெரியறது அம்மா மட்டும்.

13 அக்டோபர் 2024, ராத்திரி

அதே அக்கா இன்னொன்னும் சொல்லிருக்காங்க, இது எனக்குப் புதுசு. பார்க் வெளியிடுற எண்ணிக்கை சராசரி நிமிசக் கணக்காம். அரை மணி நேர சீரியல ஒருத்தர் முழுசா பாத்தா அவர் ஒரு முழு ஆளு. ரெண்டரை மணி நேரம் இழுக்குற பாட்டு ஷோவ அதே ஆள் அரை மணி நேரம் பாத்துட்டு சோறு வைக்கப் போயிட்டா, அவர் அஞ்சுல ஒரு ஆளு. அம்மா பாக்குற விதத்த நெனச்சுப் பாத்தேன். சீரியலுக்கு அசைய மாட்டாங்க. பாட்டு ஷோவுல ஜட்ஜ் பேச ஆரம்பிச்சதும் கொல்லைப் பக்கம் போயிடுவாங்க, பாட்டுச் சத்தம் கேட்டா தான் திரும்ப வருவாங்க. சனி ஞாயிறு ரெண்டு நாளையும் நெரப்பணும்னு சேனல்காரங்களே தண்ணி ஊத்துறாங்க, அப்பறம் கொழம்பு ருசி இல்லன்னு கவலப்படறாங்க.

2020ல மும்பைல வந்த டிஆர்பி வழக்கப் பத்தியும் ஒருத்தர் கேட்டிருக்கார். மீட்டர் இருக்குற வீட்டுக்காரங்களுக்குக் காசு குடுத்து குறிப்பிட்ட சேனல ஓட விடச் சொன்னாங்கங்கறது தான் அதுல சொன்ன குற்றச்சாட்டு. அதுக்கப்பறம் நியூஸ் சேனலுக்கு மட்டும் வாராவாரம் எண்ணிக்கை வெளியிடறத நிறுத்தி வச்சு, 2022 மார்ச்ல தான் திரும்பக் குடுத்தாங்க. நம்ம பேசற பாட்டு, சமையல் ஷோவுக்கு நேரா சம்பந்தம் இல்ல. ஆனா நம்பிக்கை போனது போனது தான்.

20 அக்டோபர் 2024

எங்க ஊருக்குன்னு ஒரு டிஆர்பி மீட்டர் இருந்துச்சு, அது எங்கண்ணன் ஃபோன். அண்ணன் லோக்கல் கேபிள் வச்சிருக்கார், எங்கப்பா காலத்துல இருந்து. லைன் கட்டாச்சுன்னா எத்தன கால் வருதுன்னு பாத்தாலே அந்த நேரத்துல எந்த ஷோவுக்கு எவ்வளவு மவுசுன்னு தெரிஞ்சிடும்.

2018ல சூப்பர் சிங்கர் ஆறாவது சீசன். எங்க மாவட்டத்து செந்தில் கணேஷும் அவர் வீட்டுக்காரம்மா ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டு மட்டுமே பாடி மேல மேல போயிட்டிருந்தாங்க. ஃபைனல் அன்னிக்கு சாயங்காலம் ஏதோ லாரி இழுத்து கடைத்தெருவுல ஒயர் அந்துருச்சு. அண்ணன் போஸ்ட்டு மேல நிக்கிறார், ஃபோன் என் கைல. அடிக்குது, எடுக்கறேன், வைக்கறதுக்குள்ள அடுத்தது. டீக்கடைக்காரர், ரேஷன் கடை அக்கா, எங்க ஸ்கூல் பிடி சார், ஒருநாளும் டிவி பாக்காத கோயில் பூசாரி கூட, "ஏம்மா வந்துருமா, நம்ம புள்ள பாடப் போகுதும்மா"ன்னு. அண்ணன் கை ரெண்டும் அழுக்கா எறங்கி வந்தப்ப கடைத்தெருவே கைதட்டுச்சு. செந்தில் ஜெயிச்சப்ப வெடி போட்டாங்க. எங்கப்பத்தா நாத்து நடவுல பாடுன மெட்ட டிவில கேட்டுட்டு அழுதத நான் அன்னிக்குத் தான் பாத்தேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு லைன் போச்சு, எல்லா சேனல்லயும் ஏதோ ஒரு பெரிய ஷோ ஓடுற நேரம். ரெண்டு கால் வந்துச்சு. ஒண்ணு எங்கம்மா.

21 அக்டோபர் 2024

"நம்ம ஊர்க்காரர்னு பாத்தீங்க, அது ஊர்ப்பாசம், ஷோவோட தரம் இல்ல"ன்னு வந்திருக்கு. இருக்கட்டுமே. மூணாவது பிக் பாஸ்ல லாஸ்லியாவும் தர்ஷனும் வந்தப்ப இலங்கைத் தமிழர் வீட்டுல எல்லாம் உக்காந்து பாத்தாங்க, அந்த சீசன்ல ஜெயிச்ச முகேன் மலேசியாக்காரர், அங்க எவ்வளவு கொண்டாடுனாங்க. ஜி.பி.முத்து ஆறாவது சீசன்ல மகன் ஞாபகம் வந்து ரெண்டு வாரத்துல கெளம்பிட்டார், அவர் இருந்த வரைக்கும் எங்க வீட்டுல யாரும் சேனல் மாத்தல. நம்மள மாதிரி ஒருத்தர் அங்க நிக்கணும், அதுக்குத் தான் ஜனங்க உக்காந்தாங்க.

27 அக்டோபர் 2024, ராத்திரி 11.40

இத எழுதலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். எந்த சேனல், எந்த ஷோன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

2022ல அண்ணன் மகள ஆடிசனுக்குக் கூட்டிட்டுப் போனேன், திருச்சியில ஒரு கல்யாண மண்டபம். அப்ப எட்டாவது படிச்சா. நாலு வயசுல செந்திலும் ராஜலட்சுமியும் வந்தாங்கன்னு வெடி போட்ட கூட்டத்துல என் இடுப்புல உக்காந்திருந்தவன்னு எழுதப் பாத்தேன், கணக்குப் போட்டா அப்ப அவளுக்கு ஒம்போது வயசு, இடுப்புல எங்க உக்காந்திருப்பா, கைய புடிச்சுக்கிட்டு நின்னா. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, மொத பஸ்ஸப் புடிச்சு, அஞ்சரைக்குப் போறோம், எங்களுக்கு முன்ன ரோடு முனை வரைக்கும் வரிசை. சட்டைல நம்பர் குத்துனாங்க. ஒரு ஃபாரம் குடுத்தாங்க. பேர், வயசு, முறையா பாட்டு கத்துக்கிட்டீங்களா, எல்லாம் கேட்டு, கீழ ஒரு பெரிய கட்டம். "உங்கள் குடும்பத்தின் கஷ்டங்களை விரிவாக எழுதவும்."

பாட்டுக்கு விட்ட எடம் ரெண்டு வரி. கஷ்டத்துக்கு அரைப் பக்கம்.

புள்ள என்ன எழுதறதுன்னு தெரியாம என் முகத்தப் பாத்தா. "உள்ளத எழுதும்மா"ன்னேன். "கஷ்டம் எதுவும் இல்லை. அப்பா கேபிள் டிவி வைத்திருக்கிறார்"னு எழுதுனா, அழகா, ஸ்கூல் பரிச்சைல எழுதற மாதிரி குண்டு குண்டா. மேசைல இருந்த தம்பி வாங்கிப் பாத்துட்டு, கோவமா எல்லாம் சொல்லல, நல்ல மாதிரி தான், "ஏதாவது எழுதும்மா, வெறுமனே விட்டா உள்ள எடுக்க மாட்டாங்க"ன்னு திருப்பிக் குடுத்தான். அவ பேனாவ வாங்கி அப்படியே வச்சிருந்தா. கடைசி வரைக்கும் ஒண்ணும் எழுதல.

மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள கூப்பிட்டாங்க. அப்பத்தாகிட்ட கத்துக்கிட்ட நடவுப் பாட்டு தான் பாடுனா. மொத ரெண்டு அடி முடியல, "சினிமாப் பாட்டு ஏதும் தெரியுமா"ன்னு கேட்டாங்களாம். தெரிஞ்சத பாடிட்டு வந்தா. "சொல்லி அனுப்பறோம்"னாங்க.

பஸ்ல வர்றப்ப கீரனூர் தாண்டுற வரைக்கும் பேசல. அப்பறம் கேட்டா, "அத்தை, நமக்குக் கஷ்டம் இல்லாதது தப்பா?"

சலிச்சுப் போச்சான்னு கேட்டீங்கல்ல. எனக்கு அன்னிக்குப் போயிருச்சு.

28 அக்டோபர் 2024

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "எல்லா ஷோவும் அப்படி இல்ல"ன்னு சொன்னவங்களுக்கு, ஒத்துக்கறேன். சிவகார்த்திகேயன் திருச்சியில இருந்து போய் கலக்கப் போவது யாருல மிமிக்ரி பண்ணி ஜெயிச்சவர் தான், கஷ்டத்தச் சொல்லி இல்ல, ஜனங்கள சிரிக்க வச்சு. குக்கு வித் கோமாளி 2019 நவம்பர்ல வந்தப்ப யார் அழுதாங்க? அடுத்த வருசம் ஊரடங்குல எல்லாரும் பயந்து கெடந்தப்ப எங்கம்மாவ வாய் விட்டு சிரிக்க வச்சது புகழும் பாலாவும் ஷிவாங்கியும் தான், அத நான் மறக்க மாட்டேன். இந்த வருசம் வெங்கடேஷ் பட் வெலகிப் போய் சன்ல டாப் குக்கு டூப் குக்கு வந்து, ஒரே சட்னிய ரெண்டு சேனல்லயும் அரைச்சாங்க. ஒரு வீட்டுல எத்தன தடவ அதே இட்லி சாப்பிடுவாங்க?

16 நவம்பர் 2024

இன்னியோட கஜா புயல் அடிச்சு ஆறு வருசம். எங்க பக்கம் இந்தத் தேதிய யாரும் மறக்க மாட்டாங்க, விடியறதுக்குள்ள தென்னை எல்லாம் சாஞ்சு போச்சு. செந்தில் ஜெயிச்சு நாலு மாசம் தான் ஆயிருந்துச்சு. அண்ணனோட ஒயர் மொத்தமும் போஸ்ட்டோட கீழ. கரண்டே வாரக்கணக்குல இல்ல, டிவிய யார் கேட்டா. கரண்ட் வந்தப்ப அவர் திரும்ப தெருத்தெருவா இழுத்துக் கட்டறதுக்குள்ள கொஞ்சப் பேர் டிஷ் மாட்டிட்டாங்க, கொஞ்சப் பேர் ஃபோனுக்குப் போயிட்டாங்க. சரின்னு நிமிர்றதுக்குள்ள 2019 பிப்ரவரில புது கட்டண முறை வந்துச்சு, அடிப்படைக்கே 130 ரூவா, ஜிஎஸ்டி சேத்து 153, அதுக்கு மேல வேணுங்கற சேனலுக்குத் தனித்தனியா. 2006 தேர்தலுக்கப்பறம் கவர்மெண்டு குடுத்த கலர் டிவில மாசம் நூறு ரூவாய்க்கு எல்லாம் பாத்துட்டிருந்த கெழவிகளுக்கு எந்த சேனல் வேணும்னு தேர்ந்தெடுக்கச் சொன்னா என்ன செய்வாங்க? அண்ணனத் தான் திட்டுனாங்க.

நேத்து வசூல் நோட்ட எடுத்துப் பாத்தேன். பச்சை அட்டை நீள நோட்டு, வீட்டுப் பேர், மாசக் கட்டம், காசு குடுத்தா டிக். 2018 நோட்டுல ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு கட்டம் தான் காலி. இந்த வருச நோட்டுல பக்கத்துக்குப் பாதி வீட்டு மேல செவப்புக் கோடு, பக்கத்துல சின்னதா "பாக்ஸ் திரும்ப வாங்கியாச்சு". சில எடத்துல கோடு போட்டு, திரும்ப அடிச்சு, திரும்ப கோடு. தீபாவளிக்கு மகன் ஊருக்கு வந்தா ஒரு மாசம் போடுவாங்க, அப்பறம் நிறுத்திடுவாங்க. டிஆர்பி கொறையுதுன்னு பெரிய ஆபீஸ்ல மீட்டிங் போட்டு பேசுவாங்கல்ல, எனக்கு அது இந்தச் செவப்பு மையாத் தான் தெரியுது.

நேத்து முந்தாநாள் ரிலையன்ஸும் டிஸ்னியும் ஒண்ணு சேந்தாச்சு. இனிமே விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் ஒரே வீட்டுப் புள்ளைங்க.

24 நவம்பர் 2024

"கலர்ஸ் தமிழ் ஏன் மேல வரல, ஷோவுக்குக் காசு போடலையா"ன்னு கேட்டதுக்கு. காசு போடாம இல்லைங்க. 2018 பிப்ரவரில சேனல் வந்தவுடனே ஆர்யாவுக்குப் பொண்ணு பாக்குறேன்னு எங்க வீட்டு மாப்பிள்ளை போட்டாங்க, ஊரெல்லாம் பேசுச்சு, கடைசில அவர் யாரையும் தேர்ந்தெடுக்கல, அன்னியோட பேச்சும் முடிஞ்சுது. அந்தப் பொண்ணுங்கள பெத்தவங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு எங்கம்மா ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. ஆனா அதே சேனல்ல கோடீஸ்வரி வந்துச்சு, ராதிகா நடத்துனாங்க, பொம்பளைங்க மட்டும் கலந்துக்குற ஷோ. 2020 ஜனவரில மதுரை கௌசல்யா, காது கேக்காது, வாய் பேச முடியாது, கடைசிக் கேள்வி வரைக்கும் போய் ஒரு கோடி ஜெயிச்சாங்க. அத விட என்ன வேணும்? அந்த எபிசோடுக்கு எங்கண்ணனுக்கு கால் வந்துச்சு, "அந்த சேனல் என் பாக்ஸ்ல எத்தனாவது நம்பர்"னு. அடுத்த வாரம் யாரும் கேக்கல. சன் 1993ல இருந்து வீட்டுக்குள்ள இருக்குற சேனல், ரிமோட்டுல வெரல் தானா அங்க போயிடுது, ஒரு நல்ல ராத்திரி அந்தப் பழக்கத்த மாத்திடாது.

சன்னுக்கும் எல்லாம் தானா நடக்கல. 2021ல மாஸ்டர்செஃப் எடுத்தாங்க, இதே விஜய் சேதுபதி தான் நடத்துனார். அதே வருசம் ஜீ தமிழ் சர்வைவருக்காக அர்ஜுனக் கூட்டிட்டு சான்சிபார் தீவு வரைக்கும் போச்சு. ரெண்டையும் பாத்தேன், நல்லா தான் எடுத்திருந்தாங்க. சர்வைவர்ல கடல், கரை, பசி எல்லாம் நிஜம். ஆனா ஜெயிச்ச விஜயலட்சுமி ஏற்கெனவே பிக் பாஸ் ரெண்டாவது சீசன்ல பாத்த முகம். தீவு மாறுது, ஆள் மாறல.

20 ஜனவரி 2025

நேத்து ஃபைனல். முத்துக்குமரன் ஜெயிச்சாச்சு. மேல அக்டோபர்ல "எல்லாம் பாத்த முகம்"னு ஒரே அடியா அடிச்சேன், அத வாபஸ் வாங்கிக்கறேன். காரைக்குடிப் பக்கத்துத் தம்பி, பின்னால பெரிய சீரியல் எதுவும் கெடையாது, பேச்சு தான் அவர் கைல இருந்தது. ஒரு வாரம் கூட அப்பா அம்மா கஷ்டத்த விக்கல. அம்மா அக்டோபர் கடைசிலயே சொன்னாங்க, "இந்தப் புள்ள தான்"னு. அதுக்கப்பறம் நானும் எதாவது வேலைய போட்டுட்டு அம்மாகூட டிவி முன்ன வந்து உக்காந்தேன், ஃபோன்ல பாக்கல.

அப்ப ஜனங்க மாறல தானே? சரியான ஆள அனுப்புனா உக்காந்து பாக்கறோம்.

அண்ணன்கிட்ட நேத்து எத்தன கால்னு கேட்டேன். லைன் போகவே இல்ல, அதனால தெரியாதுன்னார்.

16 பிப்ரவரி 2025

முந்தாநாள்ல இருந்து ஹாட்ஸ்டார் ஜியோஹாட்ஸ்டார் ஆயிருச்சு. காலைல ஃபோன்ல படம் மாறியிருக்கேன்னு பாத்தேன், அம்மா "என்னம்மா ஆச்சு, நம்ம ஷோ எல்லாம் இருக்கா"ன்னு கேட்டாங்க, இருக்குன்னேன்.

அண்ணன் மக இன்னும் பாடறாளான்னு நெறைய பேர் கேட்டிருக்கீங்க. பாடறா. இப்ப பத்தாவது, மார்ச்சுல பப்ளிக் பரிச்சை, அதனால பொங்கலுக்குக் கோயில்ல பாடுனதோட நிறுத்தி வச்சிருக்கு. அடுத்த ஆடிசனுக்கு அழச்சிட்டுப் போறீங்களான்னும் கேட்டீங்க. அவளே வேணாம்னுட்டா.

இந்த இழைய நேத்து அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுனேன். கஜா எடத்துல சிரிச்சார், செந்தில் ஃபைனல்ல நான் விட்டுட்ட ஒரு பேர எடுத்துக் குடுத்தார், அரிசி மில்லுக்காரர் பன்னெண்டு தடவ அடிச்சாராம். ஆடிசன் எடம் வந்தப்ப ஒண்ணும் பேசல. அவருக்கு அந்த ஃபாரம் கதை இதுவரைக்கும் தெரியாது, புள்ள சொல்லவே இல்ல. முடிச்சதும், "அப்பா கேபிள் வச்சிருக்கார், கஷ்டம் இல்லன்னா எழுதுனா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "இப்ப குடுத்தா அந்தக் கட்டத்த நெரப்பிடலாம்"னு சொல்லிட்டு நோட்ட எடுத்து கைலில சொருகிக்கிட்டு மேலத்தெரு வசூலுக்குக் கெளம்பிட்டார்.